எட்டு மைல் ரோட்டுக்கு அந்தப் பக்கம்

மேடையில இருக்கிற சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே (அவரு அங்க இட்லி கவுண்டர்ல நிக்கிறாரு, இருந்தாலும் சொல்லிடணும், விட்டா கோச்சுக்குவாரு), போன வருஷத் தலைவர் அவர்களே, காலையில இருந்து அடுப்படியில நிக்கிற மகளிர் அணிச் சகோதரிகளே, எல்லாருக்கும் வணக்கம். மகனைப் பாக்க அமெரிக்காவுல டெட்ராய்ட்டுக்குப் பக்கத்துல இருக்கிற ட்ராய்க்கு வந்த ஒரு ரிட்டயர்டு கண்டக்டருக்குப் பொன்னாடையெல்லாம் போத்தியிருக்கீங்க, ரொம்ப நன்றி.

மூணு விஷயம் பேசணும்னு வந்தேன். ஒண்ணு சுவரு, ரெண்டு பஸ்ஸு, மூணு பழைய ரயில்வே ஸ்டேஷன்.

ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு எங்க அப்பாரு அடிக்கடி சொல்லுவாரு. டெட்ராய்ட்ல அந்தக் கூத்தாடி யாருன்னா வீடு கட்டி விக்கிறவன். 1941ல ஒரு பில்டரு வெள்ளைக்காரங்களுக்கு வீடு கட்டப் போறாரு, பக்கத்துல கறுப்பர் தெரு இருக்கு, அதனால வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தர மாட்டோம்னு ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷன்கிற சர்க்கார் ஆபீஸு சொல்லிருச்சு, மனுஷன் என்ன பண்ணாரு தெரியுமா, நடுவுல அரை மைல் நீளத்துக்கு ஆறடி சுவரு எழுப்பிட்டாரு, உத்தரவாதம் வந்துருச்சு! சர்க்காரே கேட்டு வாங்கின தீண்டாமைச் சுவருங்க அது.

அதைப் பாக்கணும்னேன். "அந்தப் பக்கமெல்லாம் போகாதீங்கப்பா"ன்னான் மகன். இங்க பாதிப் பேரு வீட்டுல இதே டயலாக்தான், சிரிக்கிறீங்க பாருங்க. கடைசியில உட்வர்ட் அவென்யூல இறக்கிவிட்டான். பஸ் வந்துச்சு, கறுப்பினத்து அம்மா ஒருத்தங்க டிரைவர். அஞ்சு டாலர் நோட்டை நீட்டுறேன், மெஷின்ல போடுங்க, மீதி வராதுன்னாங்க. முப்பத்தேழு வருஷம் கண்டக்டரா இருந்தவன்கிட்ட மீதி வராதுன்னா எப்படி இருக்கும்! எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல "ஐ கண்டக்டர், இண்டியா, டிக்கெட், விசில்"னு சொல்லி வாயாலயே ரெண்டு விசில் கொடுத்தேன், அந்தம்மா சிரிச்ச சிரிப்புல பஸ்ஸே குலுங்குச்சு. பின்னாடி உக்காந்திருந்த ஒரு பெரியவரு ரெண்டு டாலரைத் தானே போட்டுட்டு என் நோட்டை என் சட்டைப் பையிலயே திணிச்சாரு. டெட்ராய்ட்டுக்கும் வடக்குப் புறநகருக்கும் எல்லையா இருக்கிற எட்டு மைல் ரோட்டுல எந்த பஸ்ஸுக்கு மாறணும்னு அந்தம்மா ஒரு துண்டுச் சீட்டுல எழுதியும் குடுத்தாங்க. இந்த ஊருக்குத்தான் போகாதீங்கன்னாங்க.

சுவரு ஒரு விளையாட்டு மைதானத்து ஓரமாப் போகுது. அந்த இடத்துல மட்டும் பெயின்ட் அடிச்சு படம் வரைஞ்சிருக்காங்க, சோப்புக் குமிழி ஊதுற பிள்ளைங்க, ஒரு பஸ்ஸு, அதுல ஏறுற ரோசா பார்க்ஸ் அம்மா. 1955ல அலபாமா மாநிலத்து மான்ட்கோமரியில வெள்ளைக்காரருக்காக பஸ் சீட்டை விட்டு எந்திரிக்க மாட்டேன்னாங்களே, அவங்கதான். 1957ல இங்க குடிவந்து 2005ல இந்த ஊர்லதான் செத்தாங்க. அந்த பஸ்ஸு பக்கத்து ஊரு டியர்பார்ன்ல ஃபோர்டு மியூசியத்துல நிக்குது, நீங்க போயிருப்பீங்க, போட்டோ எடுத்திருப்பீங்க. சுவரை எத்தனை பேரு பாத்தீங்க?

இப்ப சுவருக்கு ரெண்டு பக்கமும் கறுப்பர் குடும்பங்கதான். "கறுப்பருங்க வர்றாங்க, வீட்டு விலை விழுந்துரும்"னு புரோக்கருங்க பயமுறுத்தி வெள்ளைக்காரங்ககிட்ட மலிவா வாங்கி கறுப்பருக்குக் கூடுதலா வித்தாங்க. சொன்னேனே, ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம். கறுப்பர் கடைவீதி ஹேஸ்டிங்ஸ் தெருவை இடிச்சு கிரைஸ்லர் ஃப்ரீவே போட்டாங்க. டெட்ராய்ட்ல 1950ல 18 லட்சத்துக்கு மேல இருந்த ஜனம் 2020ல 6 லட்சத்து 39 ஆயிரம். வர்ற வழியில ஒரு தெருவுல நாலு வீடு, நடுவுல இடுப்பளவு புல்லு, வாசப்படி மட்டும் நிக்குது, வீடு இல்ல.

சரி, பஸ்ஸுக்கு வர்றேன். புறநகர்ல சில ஊருங்க எங்களுக்கு பஸ்ஸே வேணாம்னு ஒதுங்கிக்கிட்டாங்க. டெட்ராய்ட்ல இருந்து ஃபேக்டரி வேலைக்குப் போன ஒருத்தரு, பஸ் ஓடாத தூரம் பூரா நடந்து, போக வர தினம் 21 மைல் நடந்தாருன்னு 2015ல பேப்பர்ல வந்துச்சு. சுவரு கட்ட சிமென்ட்டே வேணாங்க, பஸ்ஸை நிறுத்துனாப் போதும்! லைசென்ஸ் இல்லாம வீட்டுக்குள்ள ஜன்னலைப் பாத்து உக்காந்திருக்கிற நம்ம அப்பா அம்மாவுக்கும் அதே சுவருதான். ஓட்டு இருக்கிறவங்க பஸ் ஓட்டுறதுக்கான வரி எலெக்ஷன்ல வந்தா தயவு செஞ்சு ஆதரிச்சு ஓட்டுப் போடுங்க.

மூணாவது, டெட்ராய்ட்ல 1988ல மூடி 2024ல ஃபோர்டு கம்பெனி திறந்த ஸ்டேஷன்... தலைவர் வாட்ச்சைக் காட்டுறாரு, அது இன்னொரு நாள். வர்ற சனிக்கிழமை பெரியவங்களைக் கூட்டிக்கிட்டு பஸ்லயே சுவரு பாக்கப் போறேன். வாசல் மேஜையில நோட்டு இருக்கு, பேரு எழுதுங்க. ரெண்டு டாலர் சரியா எடுத்துட்டு வாங்க, மீதி வராது.