விடைக்கு முன்னால் மூன்று நொடி

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். வகுப்பறையில் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை எப்படி வருகிறது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று 52-இல் 27 போக 35 என்று எழுதியிருக்கிறது. சிவப்பு மையில் தப்பு போட்டு நோட்டை மூடிவிடலாம். ‘எப்படிப் போட்டே, சொல்லு கண்ணு’ என்றும் கேட்கலாம். கேட்டால் சொல்லும்: ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்க வேண்டும் என்று நாம் சொன்னதை அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பத்துக் குச்சிக் கட்டு ஐந்தும் உதிரிக் குச்சி இரண்டும் கையில் கொடுத்து, 27 குச்சி எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு கட்டைப் பிரித்தால்தான் முடியும் என்று அதுவே கண்டுபிடிக்கும். மிச்சத்தை எண்ணி 25 என்று சொல்லும்போது அதன் முகத்தைப் பாருங்கள். தன்னம்பிக்கை என்று நான் சொல்வது அதைத்தான்.

வெறும் பாராட்டால் அது வராது. முல்லர், டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ‘நீ கெட்டிக்காரப் பிள்ளை’ என்று புகழப்பட்டவர்கள் கடினமான புதிர்கள் வந்ததும் துவண்டார்கள். ‘நன்றாக முயன்றாய்’ என்று பாராட்டப்பட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவனுக்கு அந்தப் பெயர் போய்விடுமோ என்ற பயம் வந்துவிடுகிறது.

அப்புறம், காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது ஏறக்குறைய 1 நொடிதான். அதை 3 நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். போர்ஷன் முடிக்கும் அவசரம் எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த 3 நொடி பிள்ளைக்குச் சேர வேண்டியது.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது, சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அமைத்தார்கள். எழுதலாம், தப்பென்றால் தானே அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். அந்த ஏற்பாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். விடைத்தாள் கொடுக்கும்போது மதிப்பெண்ணைச் சத்தமாகப் படிக்காதீர்கள். தாளை மடித்து, பிள்ளையின் கையில் கொடுங்கள். குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளையிடம், அது சரியாகப் போட்ட ஒரு கணக்கைக் காட்டி, அதை எப்படிப் போட்டது என்று கேளுங்கள்.