ஆட்டோகிராஸ்: இருக்கிற காரே போதும்

வணக்கம். கார் பந்தயமா, அது பணக்காரர் சமாச்சாரம், உயிருக்கும் ஆபத்து என்று ஒதுங்கிப் போகிறவர்களிடம்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் என்று ஒரு போட்டி உண்டு. வார விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பெரிய பார்க்கிங் மைதானத்திலோ பழைய விமான ஓடுதளத்திலோ ஆரஞ்சு நிறக் கூம்புகளை நிறுத்தி வளைத்து வளைத்து ஒரு பாதை போடுவார்கள், அதில் கார்களைப் போதிய இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அனுப்புவார்கள். பக்கத்தில் முட்டிக்கொண்டு யாரும் வர மாட்டார்கள், கடிகாரத்தோடுதான் போட்டி. பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே முடிந்துவிடும். 1944-ல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா (எஸ்.சி.சி.ஏ.) அமைப்பு இதை 'சோலோ' என்ற பெயரில் நாடு முழுக்க நடத்துகிறது.

நான் அடித்துச் சொல்வது ஒன்றுதான்: முதல் வருஷம் காருக்குச் செலவு செய்யாதீர்கள். புதிதாக வருகிறவர்கள் எடுத்தவுடனே எந்த டயர் வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். வேலைக்கு ஓட்டிப் போகிற காரே போதும். பிரேக் மிதி கெட்டியாக இருக்கிறதா, பேட்டரி ஆடாமல் இருக்கிறதா, வீல் நட்டு இறுகியிருக்கிறதா என்று போட்டி நடத்துகிறவர்கள் சோதிப்பார்கள். மிதியடி, தண்ணீர் பாட்டில், டிக்கியில் கிடக்கும் சாமான் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள், திருப்பத்தில் ஒரு பாட்டில் உருண்டு பிரேக்குக்கு அடியில் போனால் விபரீதம். ஹெல்மெட் கட்டாயம், பல கிளப்புகளில் இரவலும் கிடைக்கும்.

அப்புறம், ஓட்டுவதற்கு முன்னால் பாதையை நடந்து பாருங்கள். பேசிக்கொண்டே ஒரு சுற்று போய்வருவதைச் சொல்லவில்லை, தனியாக, மனப்பாடம் ஆகும்வரை நடக்க வேண்டும். நிற்கிற கூம்புக்குப் பக்கத்தில் படுக்க வைத்த கூம்பு ஒன்று இருக்கும், அதன் முனை காட்டுகிற பக்கமாகத்தான் கார் போக வேண்டும். ஒவ்வொரு கூம்பின் அடியைச் சுற்றியும் தரையில் கட்டம் வரைந்திருப்பார்கள். கூம்பு சாய்ந்தாலோ கட்டத்தை விட்டு முழுசாக வெளியே போனாலோ உங்கள் நேரத்தோடு 2 வினாடி கூடும். நிமிர்ந்து நின்று கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் தண்டனை இல்லை. ஒரு நிமிஷத்துக்குள் முடிகிற ஓட்டத்தில் 2 வினாடி என்பது ரொம்பப் பெரிசு. இரண்டு கூம்புகளுக்கு நடுவே கார் நுழைய வேண்டிய வாசலையே தவறவிட்டால் அந்த ஓட்டம் கணக்கில் வராது.

ஓட்டும்போது பார்வைதான் எல்லாம். முன்னால் இருக்கிற கூம்பையே பார்த்தால் நேரே போய் அதையே இடிப்பீர்கள். அதற்கும் அடுத்த கூம்பைப் பாருங்கள், கை தானாகத் திரும்பும். டயரின் ஓரத்தில் வெள்ளை ஷூ பாலிஷைக் கொஞ்சம் தடவி வையுங்கள். ஓடி முடித்ததும் அது எதுவரை தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால், டயர் எவ்வளவு மடிந்தது, காற்று கூட்டலாமா குறைக்கலாமா என்று பிடிபடும்.

ஒரு குழு ஓட்டும்போது இன்னொரு குழு மைதானத்தில் நின்று சாய்ந்த கூம்புகளை நிமிர்த்த வேண்டும். வெயிலில் நிற்கணுமே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அனுபவசாலி எந்த இடத்தில் பிரேக்கை விடுகிறார் என்பதை அவ்வளவு கிட்டத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. பிடித்துப் போனால் அவரையே கேளுங்கள், உங்கள் அடுத்த ஓட்டத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லித் தருவார்.