பூனையின் பெயர் வைத்த பெண்

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு ஒரு பெண்பிள்ளையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். குப்பை மேட்டில் கிடைத்தவள். கிடைத்தபோது தலையும் மார்பும்தான் மிச்சம். கை, கால் எதுவும் இல்லை, பழைய நினைவும் இல்லை. மூளைக்குள் மட்டும் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

இவள் வருவது யுகிதோ கிஷிரோ என்ற ஜப்பானியர் வரைந்த ஒரு மாங்காவில், அதாவது அந்த நாட்டுப் படக்கதையில். 1990 முதல் 1995 வரை ‘பிசினஸ் ஜம்ப்’ என்ற இதழில் வந்தது. புத்தகமானபோது ஒன்பது தொகுதிகள். ஜப்பானியில் பெயர் ‘கன்மு’. துப்பாக்கிக்கு ஓர் எழுத்து, கனவுக்கு ஓர் எழுத்து, இரண்டையும் சேர்த்து ஒரு சொல். வேடிக்கை என்னவென்றால், கதை நடக்கும் ஊரில் துப்பாக்கிக்கே தடை. அதனால் எல்லாரும் கத்தியும் சங்கிலியுமாக அலைகிறார்கள். ரத்தம் நிறையவே தெறிக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஊரைப் பழைய இரும்புக் கடை என்று நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். தலைக்கு மேலே ஜாலெம் என்று ஒரு நகரம் அந்தரத்தில் தொங்குகிறது. மேலே இருப்பவர்கள் கழித்துப் போடுவது கீழே மலையாகக் குவிகிறது. கீழே இருப்பவர்கள் அதைப் பொறுக்கிப் பிழைக்கிறார்கள். ஒரு நாள் உதிரிப் பாகம் தேடி வந்த ஐடோ என்ற வைத்தியர் இவளைக் கண்டெடுத்து, இயந்திர உடம்பு பொருத்தி, பெயரும் வைக்கிறார். என்ன பெயர்? செத்துப்போன தன் பூனையின் பெயர்!

இந்தப் பெயர் விஷயத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன், மன்னிக்க வேண்டும். ஆங்கில மொழிபெயர்ப்பிலும் 2019-இல் வந்த திரைப்படத்திலும் அவள் அலிடா. ஜப்பானிய மூலத்தில் அது இல்லை. அங்கே உள்ள பெயரைத் தமிழில் எழுதினால் ‘காலி’ என்றுதான் எழுத வேண்டும். நினைவெல்லாம் துடைத்துப்போன பெண்ணுக்குக் காலி! கொஞ்சம் நாக்கை மடித்தால் காளி. அதுவும் பொருந்தும், அடுத்த ஐம்பது பக்கத்தில் தெரிந்துவிடும். கிஷிரோவுக்குத் தமிழ் தெரியாது, தற்செயல்தான். இருந்தாலும் எனக்கு அவள் காலிதான்.

சரி, கதைக்கு வருவோம். ஐடோவுக்கு அவள் பொம்மை மாதிரி இருக்க வேண்டும். வெள்ளையாக, சுத்தமாக, வீட்டுக்குள். அவரோ ராத்திரியில் குற்றவாளிகளின் தலையை வெட்டிக் கூலி வாங்கும் வேட்டைக்காரர். ஒரு ராத்திரி அவள் ரகசியமாகப் பின்னாலேயே போய் அதைப் பார்த்துவிடுகிறாள். சண்டை மூண்டதும் அவள் உடம்பு தானாகச் சுழன்று அடிக்கிறது. மனம் மறந்த போர்க்கலை உடம்புக்கு நினைவிருக்கிறது. மறுநாளே நானும் வேட்டைக்காரி ஆகிறேன் என்று நிற்கிறாள். ஐடோ பதறுகிறார்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் அக்கா ஞாபகம். அக்கா மகள் பதினாறு வயதில் இடுப்புவரை தொங்கிய பின்னலைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். அக்கா இரண்டு நாள் பேசவில்லை. அழவும் இல்லை. வெட்டிய பின்னலைக் கேட்டு வாங்கி, ஒரு மஞ்சள் பையில் சுருட்டி, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஐடோ கையிலும் அப்படி ஒரு மஞ்சள் பை இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

இந்தக் கதையில் அவள் வளர்ந்தாள் என்றால் பலம் கூடியது என்று நினைத்துவிடாதீர்கள். பலம் முதல் நாளே இருந்தது. பலத்தால் ஆகாத காரியம் ஒவ்வொன்றாக அவள் முன்னால் வருகிறது.

முதலில் யூகோ. அவளுக்குப் பிடித்துப்போன பையன். ஜாலெமுக்குப் போயே தீருவேன் என்று காசு சேர்க்கிறான். எப்படி? இயந்திர மனிதர்களின் முதுகுத்தண்டைத் திருடி விற்று! கடைசியில் அவன் தலைக்கே விலை வைக்கிறார்கள். இவளோ வேட்டைக்காரி. அவன் சாகக் கிடக்கும்போது, அவன் தலையைத் தன் உயிர்நாளத்தோடு இணைத்துக் காப்பாற்றி எடுத்துவருகிறாள். அப்புறம் அவனுக்கும் இயந்திர உடம்பு. காசு கொடுத்து மேலே போக முடியாது, இத்தனை நாளும் ஏமாந்திருக்கிறோம் என்று தெரிந்ததும், சரக்கு ஏற்றும் குழாய்மேலேயே ஏறத் தொடங்கிவிடுகிறான். காற்றில் அவள் பின்னாலேயே ஏறிப் போய், இறங்கி வா, நாம் சேர்ந்து வாழலாம் என்று கெஞ்சுகிறாள். மேலேயிருந்து முள் வளையம் ஒன்று உருண்டு வந்து அவனைக் கிழிக்கிறது. அவள் அவன் கையைப் பிடித்துவிட்டாள். பிடி நழுவவில்லை, கவனியுங்கள். அவள் பிடி நழுவவே இல்லை. அவன் கைதான் தாங்காமல் பிய்கிறது. அவன் விழுகிறான்.

அப்புறம் அவள் வீட்டுக்குப் போகவில்லை. மோட்டார்பால் என்று ஒரு பந்தயம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு, ஒரு பந்துக்காக ஒருவரையொருவர் உடைத்துப் போடுவார்கள். அதில் போய்ச் சேர்ந்துவிடுகிறாள். ஐடோ தேடிக் கண்டுபிடித்து வந்து கூப்பிட்டும் வரவில்லை. பல வாசகர்கள் இந்தப் பகுதியை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிடுவார்கள். எனக்கு மொத்தத் தொடரிலும் இதுதான் உசத்தி. துக்கத்தில் இருக்கிற பிள்ளை தன் உடம்பைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதுகிற மாதிரி இருக்கும். கடைசியில் ஜஷுகன் என்ற சாம்பியனோடு மோதுகிறாள். அவன் மூளை செயலிழந்துகொண்டிருக்கிறது, அவனுக்கும் அது தெரியும். அவளைத் தோற்கடித்துவிட்டு, நின்றபடியே உயிரை விடுகிறான். தோற்ற பிறகுதான் அவளால் வீடு திரும்ப முடிகிறது.

நேரமாகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பத்து வருடம் கழித்து அவள் ஜாலெமுக்கே ஆளாக வேலை பார்ப்பது, மேலே இருப்பவர்களின் மண்டைக்குள் மூளைக்குப் பதில் என்ன இருக்கிறது என்பது, கிஷிரோ முதல் முடிவை ஒதுக்கிவிட்டுக் கதையை வேறு பக்கம் கொண்டுபோனது, இதெல்லாம் சொல்ல நேரமில்லை. ஒன்றே ஒன்று. டெஸ்டி நோவா என்ற விஞ்ஞானி அவளை ஒரு கனவு இயந்திரத்துக்குள் தள்ளுகிறான். ஐடோவோடு அமைதியாக வாழும் வாழ்க்கை அந்தக் கனவில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஐடோ ஆசைப்பட்ட அதே வீடு. அதை அவள் உடைத்துக்கொண்டு வெளியே வருகிறாள்.

இந்த வாரம் அக்கா வீட்டுக்குப் போகிறேன். முதல் தொகுதியை அக்கா மகள் கேட்டிருக்கிறாள். வணக்கம்.