நாள் கூலி ஆயிரம் ரூபாயா? உங்களுக்கும் 5 லட்சம் காப்பீடு கிடைக்கலாம்!

[திரையில்: சின்னமுட்டம் துறைமுகம், கட்டிப் போட்ட விசைப்படகுகள்]

"நாளுக்கு ஆயிரம் சம்பாதிக்கிறேன், எனக்கெல்லாம் முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு தருவார்களா?" இப்படி நீங்களே முடிவு கட்டிவிட்டீர்களா? கொஞ்சம் பொறுங்கள் மக்களே, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வரலாறு சீக்கிரம்: 2009-ல் கலைஞர் காப்பீடு, 2012-ல் அதற்குப் பதிலாக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், இப்போது ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆளுக்கு இல்லை, மொத்தக் குடும்பத்துக்கு.

தகுதி? குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நம்மவர்கள் கூலியை அப்படியே 365 நாளுக்குப் பெருக்கிவிடுகிறார்கள். வருஷம் முழுக்கவா வேலை இருக்கிறது? ஆனால் நாளுக்கு ஆயிரம் முழுதாகக் கைக்கு வந்தால், 120 நாளிலேயே வரம்பு வந்துவிடும்; அதனால் உண்மையில் கையில் நின்றதைக் கணக்குப் போடுங்கள்.

[திரையில்: மாவட்ட வரைபடம், இரண்டு கடலும்]

நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் கூத்தைப் பாருங்கள். சின்னமுட்டத்தில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம், ஒரே கலெக்டர், இரண்டு தடைக்காலம்! ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் பூட்டு. மீன் குழம்பு பிரியர்களுக்கு என் அனுதாபங்கள். படகில் போகிறவருக்கு இரண்டு மாதம் கடல் வருமானமே இல்லை. மற்ற மாதங்களிலும் டீசல், ஐஸ் செலவு கழித்த பிறகுதான் பங்கு. புயல் எச்சரிக்கை வந்தால் அதுவும் போச்சு. ஆண்டு வருமானம் என்றால் இதையெல்லாம் சேர்த்துத்தான். மழையில் பால்வெட்டு நின்றுபோகும் ரப்பர் தொழிலாளிக்கும் இதே கணக்கு. ஆனால் மனைவி முந்திரி ஆலைக்குப் போனால் அந்தச் சம்பளமும் சேரும். மறைக்கச் சொல்லவில்லை, சாமி!

அப்புறம்: ரேஷன் கார்டில் பெயர் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குக் குடும்பத்தோடு போங்கள். படுக்கையில் விழுந்த பிறகு ஓடுவதைவிட இப்போதே போவது நல்லது.

சாதாரணக் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க இது உதவாது. பட்டியலில் உள்ள அறுவை சிகிச்சைகளுக்கும் பெரிய சிகிச்சைகளுக்கும்தான். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காப்பீட்டு அட்டையைக் காட்டுங்கள். அரசு ஆஸ்பத்திரிதானே என்று வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள், காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்கே போய்ச் சேரும்.

களியக்காவிளை, கொல்லங்கோடு மக்களே, திருவனந்தபுரம் பக்கம் என்று வண்டியேறும் முன் 1800 425 3993-க்கு அடித்து, அந்த ஆஸ்பத்திரியும் அந்தச் சிகிச்சையும் பட்டியலில் உண்டா என்று கேட்டுவிடுங்கள். உங்கள் ஊரில் தடைக்காலம் எப்போது என்று கமெண்டில் போடுங்கள், சண்டையை அங்கே வைத்துக்கொள்வோம்!