பென்சில் கோட்டின் அகலம்

வணக்கம் நேயர்களே. நகரத் திட்டம் போடும்போது ஐயாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைபடம் தயாரிப்பது உண்டு. தாளில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் ஐந்து மீட்டர். கூர் மழுங்கிய பென்சிலால் அதில் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டின் தடிமனே அரை மில்லிமீட்டர் வரும். தரையில் இரண்டரை மீட்டர். ஒரு சிறிய அறையின் அகலம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு சாலையை அப்படித்தான் இழுத்தேன். அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு, "இந்தக் கோட்டுக்குக் கீழே யாரு இருக்காங்கன்னு போய்ப் பார்த்துட்டு வாப்பா" என்றார். போனேன். அங்கே ஒரு தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நகரமைப்புக் கோட்பாடு எதைப் படித்தாலும் முதலில் ஒன்றைத்தான் தேடுகிறேன். கோடு போடுவதற்கு முன் போய்ப் பார்க்கச் சொல்கிறதா, இல்லையா?

இந்தத் துறையின் பெரிய கனவு ஒன்று, துறைக்கு வெளியே இருந்த ஒருவரிடமிருந்து வந்தது. எபினேசர் ஹோவர்ட், இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். லண்டன் புகையிலும் நெரிசலிலும் திணறிக்கொண்டிருந்த காலம். 1898இல் தோட்ட நகரம் என்ற யோசனையை அவர் எழுதி வெளியிட்டார். ஆறாயிரம் ஏக்கர் நிலம். நடுவில் ஆயிரம் ஏக்கரில் நகரம், சுற்றிலும் வயல்வெளி. மொத்தம் 32,000 பேர். அதற்கு மேல் மக்கள் வந்தால் நகரத்தை வீங்கவிடாமல் தள்ளிப்போய் இன்னொன்று கட்ட வேண்டும். 1903இல் லெட்ச்வொர்த் என்ற ஊர் இந்த வழியில் தொடங்கப்பட்டது.

தோட்ட நகரம் என்றதும் மரமும் பூங்காவும்தான் பலருக்கு நினைவு வரும். ஹோவர்டின் திட்டத்துக்கு உயிர்நாடி நிலம். நிலம் முழுவதும் ஊர்ப்பொதுவில் இருக்கும். நகரம் வளர வளர அதன் மதிப்பு ஏறும். அந்த ஏற்றம் வாடகை வழியாக ஊருக்கே திரும்பிப் பள்ளியாகவும் சாலையாகவும் மாறும். பின்னால் வந்தவர்கள் மரத்தை எடுத்துக்கொண்டு நிலத்தை விட்டுவிட்டார்கள். இத்தனை வருடம் கழித்தும் இது எனக்கு ஆறவில்லை.

போய்ப் பார்ப்பதையே முறையாக்கியவர் ஸ்காட்லாந்தின் பேட்ரிக் கெடிஸ். உயிரியல் படித்தவர். நகரத்தையும் உயிருள்ள ஒன்றாகவே பார்த்தார். முதலில் கள ஆய்வு, அப்புறம்தான் திட்டம் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. 1914இல் இந்தியாவுக்கு வந்தவர், பல ஊர்களில் தெருத்தெருவாக நடந்து அறிக்கைகள் எழுதினார். நெரிசலான குடியிருப்பை இடித்துத் தள்ளி நேர்ச்சாலை போட அவருக்குச் சம்மதமில்லை. பாழடைந்த ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் எடுத்து, காற்று வரவும் மக்கள் கூடவும் இடம் செய்தால் போதும் என்றார். உறுப்பை வெட்டி எறியாமல் காப்பாற்றும் அறுவைச் சிகிச்சை அது.

இதற்கு நேரெதிர்த் திசையில் போனது நவீனவாதம். 1933இல் நவீனக் கட்டடக் கலைஞர்களின் மாநாடு ஒரு கப்பலில் நடந்தது; மார்செயிலிருந்து ஏதென்ஸுக்குப் போன கப்பல். 33 நகரங்களின் வரைபடங்களை விரித்து வைத்து ஒப்பிட்டார்கள். குடியிருப்பு, வேலை, ஓய்வு, போக்குவரத்து என்று நகர வாழ்க்கையை நான்காகப் பிரித்தார்கள். அவர்களில் ஒருவரான கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே இதை 1943இல் ஏதென்ஸ் சாசனமாக வெளியிட்டார். அவர்களின் அக்கறையை நான் சந்தேகப்பட மாட்டேன். வெயிலே படாத வீடுகளில் காசநோயோடு கிடந்தவர்களுக்கு வெளிச்சமும் காற்றும் தர நினைத்தார்கள். ஆனால் நடுக்கடலில் வரைபடத்தை மட்டும் பார்க்கும்போது, ஒரே தெருவில் குடியிருப்பும் வேலையும் விளையாட்டும் பின்னிக் கிடப்பது கண்ணில் படாது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இந்த வழியில் எழுந்தது ப்ரூயிட்-ஐகோ என்ற குடியிருப்பு, பதினோரு மாடிக் கட்டடங்கள் 33. ஐம்பதுகளின் நடுவில் கட்டியதை 1972இலேயே இடிக்கத் தொடங்கினார்கள். கட்டட வடிவம்தான் குற்றவாளி என்று அப்போது பலரும் தீர்ப்புச் சொன்னார்கள். அது முழு நியாயம் ஆகாது. குடியிருந்த ஏழைகள் தரும் வாடகையிலிருந்தே பராமரிப்பு நடக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அந்த நகரமோ ஆட்களை இழந்துகொண்டிருந்தது. பணம் வற்றியது, பழுதுபார்ப்பு நின்றது.

1961இல் ஜேன் ஜேக்கப்ஸ் எழுதிய நூல் இந்தப் போக்கை உலுக்கியது. பத்திரிகையாளர், நியூயார்க்கில் தன் வீட்டு வாசலுக்கு வெளியே நடப்பதைப் பார்த்து எழுதியவர். கடை திறப்பவரும் ஜன்னலில் நிற்பவரும் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதே தெருவுக்குக் காவல் என்றார். பழைய கட்டடங்களையும் விட்டுவையுங்கள் என்றார். வாடகை குறைவாக உள்ள இடத்தில்தான் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர் துணிந்து காலூன்றுவார். தம் வட்டாரத்துக்கு அருகே இருந்த பகுதியைக் கிழித்துக்கொண்டு வரவிருந்த விரைவுச்சாலையை எதிர்த்துப் போராடி, மற்றவர்களோடு சேர்ந்து அதை நிறுத்தவும் செய்தார்.

அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஒரு குறையும் உண்டு. அவர் நேசித்த அந்தத் தெருக்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் சாதாரண வருமானக்காரர் குடியேற முடியாத அளவுக்கு வாடகை ஏறிவிட்டது. தெருவை எப்படிக் காப்பது என்று அவரிடம் கற்கலாம். தெருவில் இருப்பவர்களைக் காக்க ஹோவர்டின் நிலக் கணக்குக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. எல்லாத் தேவையும் கால் மணி நேர நடையில் கிடைக்க வேண்டும் என்று இப்போது பேசப்படும் பதினைந்து நிமிட நகரத்துக்கும் இதே கேள்வி காத்திருக்கிறது.

சரி, போய்ப் பார்த்தாகிவிட்டது. முடிவு யார் கையில்? ஏழைகளுக்காக வழக்கறிஞர்போல் வாதாடும் திட்டமிடுநர் வேண்டும் என்று 1965இல் அமெரிக்கத் திட்டமிடுநர் பால் டேவிடாஃப் எழுதினார். 1969இல் அதே நாட்டின் ஷெரி ஆர்ன்ஸ்டைன், முடிவெடுப்பதில் மக்களுக்கு எவ்வளவு பங்கு என்பதை எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியாகக் காட்டினார். அடிப்படியில் மக்களை ஏய்ப்பது. உச்சியில் மக்களே முடிவெடுப்பது. நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது போன்ற ஒப்புக்குச் செய்யும் படிகள். நான் நடத்திய கருத்துக்கேட்புக் கூட்டங்கள் பலவும் அந்த நடுப்படியைத் தாண்டியதில்லை. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் ஒரு படி மேலே ஏறியது. முதலீட்டுப் பணத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்பதை வட்டாரக் கூட்டங்களில் மக்களே வரிசைப்படுத்தினார்கள்.

உங்கள் பகுதிக்கான திட்ட வரைபடம் பார்வைக்கு வைக்கப்பட்டால், முதலில் அதன் ஓரத்தில் உள்ள அளவைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை மீட்டர் என்று கணக்குப் போடுங்கள். பிறகு அந்தக் கோடு எந்த வீட்டுக்கு மேல் போகிறது என்று விரல் வைத்துக் கேளுங்கள். அதை வரைந்தவர் அங்கே போயிருந்தாரா என்றும் கேளுங்கள். நன்றி, வணக்கம்.