சந்தேகங்களுக்கு விளக்கம்: சாதாரண தரம் நெருங்கும்போது விஞ்ஞானப் போட்டி தேவையா?

வணக்கம். முதல் கேள்வி மல்லாவிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் அனுப்பியது. அப்படியே வாசிக்கிறேன். "சேர், என்ர மகன் தரம் 10. விஞ்ஞானத்தில நல்ல புள்ளி. ஒலிம்பியாட்டுக்கும் ஆய்வுச் செயற்றிட்டப் போட்டிக்கும் பெயர் குடுக்கச் சொல்லி டீச்சர் கேக்கிறா. அடுத்த வருசம் ஓஎல். டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோட போட்டி போட்டு எங்கட பிள்ளை எங்க வெல்லப் போகுது, அந்த நேரத்துக்கு ரியூசனுக்கு விடலாம்தானே எண்டு இவர் சொல்லுறார். அமெரிக்காவில இருக்கிற என்ர அண்ணா கட்டாயம் விடு எண்டுறார். நான் யாற்ற சொல்லைக் கேக்கிறது?"

தங்கச்சி, விடுங்கள். ஆனால் இரண்டுக்கும் ஒன்றாக விடாதீர்கள், ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். எதை என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் கேட்டது நியாயமான கேள்வி.

நான் படிப்பித்த காலத்தில் ஒருமுறை மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விஞ்ஞான வினாடி வினாவுக்குப் போனேன். விடிய ஐந்தரை பஸ். போய் இறங்கினால் ஒவ்வொரு மேசையிலும் சிவப்புப் பொத்தான் வைத்த மின்மணி. "ஒரு பொருளின் மீது தாக்கும் விளையுள் விசை பூச்சியமாக..." அவ்வளவுதான் வாசித்தார்கள், பக்கத்து மேசையில் மணி அடித்துவிட்டது. எங்கள் பெடியன் கையை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி முடியட்டும் என்று இருக்கிறான். பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே விழக் கூடாது என்று பழக்கியது நாங்கள்தானே! திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் ஒவ்வொரு கேள்வியாகச் சொல்லி விடையும் சொன்னான். முக்கால்வாசி சரி. ஆனால் மேசையில் கிடைத்தது இரண்டே இரண்டு புள்ளி.

அடுத்த கிழமை ஹார்ட்வெயார் கடையில் கோலிங் பெல் சுவிட்ச் மூன்று வாங்கி, பலகையில் பூட்டி, இடைவேளையில் அடித்துப் பழக விட்டேன். அடுத்த வருடம் மணி அடித்தார்கள். அவசரப்பட்டுப் பிழையாகவும் அடித்தார்கள், அது வேறு கதை.

டவுன் பிள்ளைக்கும் எங்கள் பிள்ளைக்கும் இடையில் நான் கண்ட வித்தியாசத்தில் பெரும் பங்கு அந்தப் பொத்தான்தான். மூளையில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் முடிந்ததும் கெட்டிக்காரப் பிள்ளைகளில் பலர் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்விடுகிறார்கள். போன இடத்தில் 1ஏபி பாடசாலை; உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் இருக்கும். அங்கே பௌதிகவியலுக்கு ஒருவர், இரசாயனவியலுக்கு ஒருவர், உயிரியலுக்கு ஒருவர். விஞ்ஞான மன்றம் ஒழுங்காகக் கூடும். போன வருடம் ஒலிம்பியாட் எழுதிய அண்ணன் கடந்தகால வினாத்தாளைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் போவான். எங்கள் ஊர்களில் இருக்கிற 1சி பாடசாலையில் உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும்தான், வகை 2 பாடசாலை தரம் 11 ஓடு முடிந்துவிடும்; அங்கே அந்த அண்ணன் இல்லை. ஒரு விஞ்ஞான ஆசிரியர் தரம் 6 முதல் 11 வரை ஓடித் திரிவார். அவர் எங்கே, எப்போது மணி அடித்துப் பழக்குவது?

அமெரிக்க அண்ணா சொல்வதையும் பார்ப்போம். நியூயோர்க்கில் பிரொங்ஸ் விஞ்ஞான உயர்பாடசாலை என்று ஒன்று, 1938 இல் தொடங்கியது. அரசாங்கப் பள்ளிக்கூடம்தான், காசு இல்லை, ஆனால் நுழைவுப் பரீட்சையில் தேறினால்தான் இடம். எங்கள் புலமைப்பரிசிலை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1942 முதல் நடக்கிற சயன்ஸ் டலன்ட் சேர்ச் என்ற மாணவர் ஆய்வுப் போட்டியில் அந்தப் பாடசாலைக்குப் பெரிய பெயர். என்ன மாயம் என்று பார்த்தால், அங்கே ஆராய்ச்சி என்றே ஒரு பாடம் நேரசூசியில் இருக்கிறது. விரும்பிய பிள்ளை மூன்று வருடம் அதைப் படிக்கலாம். கேள்வி கேட்கப் பழகுவது, அளக்கப் பழகுவது, எழுதப் பழகுவது எல்லாம் பள்ளி நேரத்துக்குள்ளேயே. அண்ணா அந்த ஊர்க் கண்ணால் பார்த்துச் சொல்கிறார், பிழையில்லை. மல்லாவியில் அந்தப் பாடவேளையை நாங்கள்தான் எங்கேயாவது கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, எந்தப் போட்டி? ஒலிம்பியாட் என்பது பரீட்சை. இளையோருக்கான சர்வதேச விஞ்ஞான ஒலிம்பியாட் 2004 இல் ஜகார்த்தாவில் தொடங்கியது. போட்டி நடக்கிற வருடம் டிசம்பர் 31 இல் வயது 15 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். அதனால் மகனின் பிறந்த திகதியை இன்றைக்கே பாருங்கள். வயது தாண்டியிருந்தால் அந்தக் கதவு மூடிவிட்டது, உயர்தரத்தில் பௌதிகம், இரசாயனம், உயிரியல் ஒலிம்பியாட்டுகள் தனித்தனியாக இருக்கின்றன. இளையோர் போட்டியில் செயன்முறைப் பரீட்சையை மூன்று பேர் சேர்ந்து செய்வார்கள். பல்தேர்வு மட்டும் செய்து பழகிய பிள்ளை அங்கே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். மொழிக்குப் பயப்பட வேண்டாம். சர்வதேச ஒலிம்பியாட்டுகளில் வினாத்தாளை மாணவன் கேட்கிற மொழிக்குப் பெயர்த்துக் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. உள்நாட்டுச் சுற்றில் தமிழ் மொழிமூலம் உண்டா என்பதை விண்ணப்பப் படிவத்தில் பார்த்துக்கொண்டு பெயர் கொடுங்கள்.

என்னைக் கேட்டால், இந்த வருடம் மகனை ஆய்வுச் செயற்றிட்டத்துக்கு விடுவேன். ஒலிம்பியாட்டுக்குப் பழைய வினாத்தாள் வேண்டும், சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். ஆய்வுக்குக் கேள்வி வேண்டும். கேள்விக்கு வன்னியில் பஞ்சமில்லை, கிணற்றடியிலேயே கிடக்கிறது.

ஒரு பிள்ளை செய்ததைச் சொல்கிறேன். அவர்கள் வீட்டுக் கேத்திலுக்குள் வெள்ளையாகக் கல்லுப் படியும். பெரியம்மா வீட்டுக் கேத்திலில் அவ்வளவு இல்லை. ஏன் என்று கேட்டாள். ஒரே அளவு ஹோர்லிக்ஸ் போத்தல்கள் நான்கு எடுத்தோம். ஒன்றில் மழைத்தண்ணீர், ஒன்றில் வீட்டுக் கிணறு, ஒன்றில் பெரியம்மா வீட்டுக் கிணறு, ஒன்றில் பாடசாலைக் குழாய்க்கிணறு. ஒவ்வொன்றிலும் 50 மில்லிலீற்றர். சவர்க்காரத்தைச் சீவிக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டு, மூடிக் குலுக்கி, நுரை இரண்டு நிமிடம் நிற்கும்வரை எத்தனை சொட்டு என்று எண்ணினாள். மழைத்தண்ணீருக்கு நாலைந்து சொட்டிலேயே நுரை நின்றது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீருக்கு எண்ணி எண்ணிக் கை நொந்துவிட்டது. நுரைக்குப் பதிலாகத் தயிர் திரண்டதுபோல் அழுக்குப் படை. கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தைப் பிடித்துக்கொள்வதால் வருகிற படை அது. பிறகு அதே தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற விட்டு, வடித்து, திரும்ப எண்ணினாள். சொட்டு குறைந்தது, ஆனால் மழைத்தண்ணீர் அளவுக்கு வரவில்லை. கொதித்தால் போவது தற்காலிக வன்மை, போகாதது நிரந்தர வன்மை என்று புத்தகத்தில் இருக்கிறதே, அது அவளுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அவள் அதோடு நிற்காமல், "அப்ப கொதிக்க வைச்சுக் குடிச்சால் சிறுநீரக வருத்தம் வராதா சேர்?" என்று கேட்டாள். இந்த இடத்தில்தான் ஆசிரியர் கவனமாக இருக்க வேண்டும். வவுனியாப் பக்கத்துக் கிணறுகள் சிலவற்றில் புளோரைட் அதிகம் என்றும், சிறுநீரக வருத்தத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றும் பேசுகிறோம். கொதிக்க வைத்தால் புளோரைட் போகாது. தண்ணீர் ஆவியாகப் போக, மிச்சத்தில் அதன் செறிவு கூடும். சவர்க்காரச் சொட்டு புளோரைட்டை அளக்கவும் மாட்டாது. நீ எதை அளந்தாயோ அதைப் பற்றி மட்டும் எழுது என்றேன். முகம் சுருங்கிவிட்டது. பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போய், புளோரைட்டை எங்கே அளக்கலாம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதில் குற்றவாளி நான். அதற்கு முன்பு ஒரு முறை காற்றாலை மாதிரி ஒன்றை நானே ஒட்டி, வெட்டி, வயர் பூட்டி ஒரு பெடியன் கையில் கொடுத்து அனுப்பினேன். விளக்கத்தையும் பாடமாக்கினான். நடுவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, இந்தத் தகட்டை இன்னும் கொஞ்சம் சரித்தால் என்ன நடக்கும்?" பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தான். நடுவரும் என்னைப் பார்த்தார். அப்பாவும் ரியூசன் மாஸ்டரும் செய்த மாதிரிகளை நடுவர்கள் நிறையக் கண்டவர்கள். ஒரு தகட்டைச் சரித்துக் கேட்டால் போதும், வெளுத்துவிடும். அதனால் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், போத்தல் கழுவிக் கொடுக்கலாம், பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், எண்ணுவது மகனாக இருக்கட்டும்.

ஓஎல் கெட்டுப்போகுமா? கிழமையில் மூன்று மணித்தியாலம், அதுவும் சனி காலையில், தரம் 10 இல் கெடாது. தரம் 11 இரண்டாம் தவணைக்குப் பிறகு என்றால் நானே வேண்டாம் என்பேன். சான்றிதழ் பல்கலைக்கழகத்துக்கு உதவுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற உயர்தர இசட் புள்ளியை அது ஒரு தசமம்கூடக் கூட்டாது. அந்த ஆசையில் விடுவதென்றால் விட வேண்டாம், ரியூசனுக்கே விடுங்கள்.

மகனுக்கு ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்கிக் கொடுங்கள். திகதி, நேரம், எண்ணியது, பிழைத்தது எல்லாம் பேனையால் எழுதட்டும். பிழையை அழிக்காமல் ஒரு கோடு போட்டு வெட்டட்டும். நடுவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தக் கொப்பியைத்தான், மினுங்குகிற பலகையை அல்ல. ஒரு மாதம் எழுதிய பிறகு இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

சரி, அடுத்த கேள்வி நெடுங்கேணியிலிருந்து வந்திருக்கிறது.