றெக்கையை யார் எடுத்துக்கொள்வது?

(பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது. எழுத்துக்காகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

பெரியவர்களே, தாய்மார்களே, மாணவத் தம்பி தங்கைகளே,

முன்வரிசையில் ஒரு பொட்டலத்தைச் சுற்றுக்கு விட்டிருக்கிறேன். பாலித்தீன் உறையைப் பிரிக்காமல் பாருங்கள். கழற்றிப் போட்ட காற்றாலை றெக்கையிலிருந்து அறுத்த துண்டு அது. மேலே வெள்ளைப் பூச்சு. அதற்கடியில் கண்ணாடி இழை, அடுக்கடுக்காக. நடுவில் இளம் பழுப்பாகத் தெரிவது பால்சா மரம். அப்புறம் மறுபடியும் கண்ணாடி இழை. அத்தனையையும் இறுக்கிப் பிடித்திருப்பது பிசின். அறுத்த விளிம்பை வெறுங்கையால் தடவினால் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருப்பீர்கள். உறை போட்டது அதற்காகத்தான்.

பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காற்றாலை புதிதல்ல. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து வரும் காற்றை நம்பி முப்பது வருஷத்துக்கு மேலாக நட்டுக்கொண்டே இருக்கிறோம். ஒரு காற்றாலையின் ஆயுள் 20 முதல் 25 ஆண்டு என்பது கணக்கு. ஆக, முதலில் நட்டவற்றுக்கு வயசாகிவிட்டது. பழையதை மாற்றவும் புதுப்பிக்கவும் தமிழக அரசு 2024இல் தனிக் கொள்கையே கொண்டுவந்திருக்கிறது.

பழைய இரும்பு எடுக்கும் ஒரு அண்ணாச்சியிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் சொன்னது: "இரும்பை எடுத்துக்கிடுதேன், செம்பை எடுத்துக்கிடுதேன். இந்த றெக்கைய மட்டும் என் தலையில கெட்டிராதீய."

அவர் சொன்னதில் பெரிய அறிவியல் இருக்கிறது. எப்பாக்ஸி மாதிரியான பிசின் ஒருமுறை இறுகிவிட்டால் திரும்ப உருகாது. வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியாதே, அந்தக் கதைதான். சூடாக்கினால் கருகும், அவ்வளவுதான். மழை, வெயில், உப்புக்காற்று எதற்கும் அசையாமல் கால் நூற்றாண்டு நிற்க வேண்டும் என்று நாம்தான் கேட்டோம். அது அப்படியே நிற்கிறது. கழற்றிய பிறகும் நிற்கிறது.

மேம்பட்ட பொருட்கள் என்று இன்று சொல்கிற பலவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. கார்பன் ஃபைபர், நானோ துகள் (கண்ணுக்கே தெரியாத மிகமிகச் சிறிய துகள்), பல அடுக்குக் கலவை எதுவானாலும், வேலைக்கு ஆகும் குணமே கடைசியில் தொந்தரவாகிறது. நாம் கல்நாரிடம் பட்டதும் இதுதான். தீப்பிடிக்காது, மக்காது, மலிவு என்று ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டோம். மெல்லிய, நீண்ட, கரையாத அதன் இழை நுரையீரலுக்குள் போய்த் தங்கி, பல பத்தாண்டு கழித்துப் புற்றுநோயாக வெளிப்பட்டது. 2008இல் எலிகளின் வயிற்றறைக்குள் நீளமான கார்பன் நானோகுழாய்களை, அதாவது கார்பனால் ஆன மிக நுண்ணிய குழாய்களை, செலுத்திப் பார்த்தார்கள். கல்நார் உண்டாக்குவது போன்ற அழற்சி தெரிந்தது. குட்டையான, சுருண்ட குழாய்களில் அப்படி இல்லை. இரண்டும் கார்பன்தான். வித்தியாசம் நீளத்திலும் வடிவத்திலும்.

அதனால் ஒரு பொருளின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. நம் கடற்கரைக் கறுப்பு மணலில் இல்மனைட் என்ற தாது இருக்கிறது. டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி செய்வதற்கு மூலப்பொருள் அதுதான். சுவரில் பூசிய பெயிண்டில் இருக்கும்வரை அந்த நிறமியைப் பற்றி யாருக்கும் பெரிய கவலை இல்லை. உணவில் சேர்க்கும் வெண்மையூட்டியாக அதை இனிப் பாதுகாப்பானது என்று கருத முடியாது என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் சொன்னது. அடுத்த ஆண்டே அங்கே உணவில் தடை வந்தது. (மணலை அள்ளிய கதை தனி. அதை எடுத்தால் இன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது.)

றெக்கையின் கண்ணாடி இழைக்கும் நியாயம் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் 10 மைக்ரான், அதற்கு மேல் தடிமன். (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்.) நுரையீரலின் ஆழத்துக்குப் போகிற இழை என்று சொல்வது 3 மைக்ரானுக்கும் மெல்லியதை. ஆக, அது இன்னொரு கல்நார் இல்லை. ஆனால் ரம்பம் போட்டு அறுக்கும்போது இழை மட்டுமா பறக்கிறது? பிசினும் நுண்தூளாகப் பறக்கிறது. அறுக்கிறவர் முகத்தில் பெரும்பாலும் ஒரு துண்டுதான் கட்டியிருக்கிறார்.

ஐரோப்பிய ஆணையம் 2022 டிசம்பரில் ஒரு வழிமுறையைப் பரிந்துரைத்தது. புதுப் பொருளை வடிவமைக்கும்போதே அதன் தீங்கு, செய்யும் தொழிலாளியின் நலம், பயன்படுத்துவோர் நலம், பிறப்பு முதல் இறப்பு வரை சுற்றுச்சூழலுக்கு ஆகும் செலவு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறது. நல்ல வழிமுறைதான். எனக்கு ஒரு குறை உண்டு. மதிப்பீட்டுத் தாளில் வருகிற தொழிலாளிக்கு முகமூடி இருக்கும், தூசி உறிஞ்சும் குழாய் இருக்கும். நம் ஊர்ப் பழைய இரும்புக் கடையில் இரண்டும் இல்லை. இங்கே நடக்கிற வேலையை இங்கே வந்து அளக்காமல் போட்ட மதிப்பீடு நமக்கு அரை மதிப்பீடுதான்.

இதைக் கேட்டுவிட்டுக் காற்றாலையே வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். தன்னைச் செய்யச் செலவான ஆற்றலை அது ஏறக்குறைய ஒரு வருஷத்தில் திருப்பித் தந்துவிடுகிறது. நிலக்கரியோடு ஒப்பிடவே முடியாது. வழிகளும் இருக்கின்றன. றெக்கையைத் துண்டாக்கி சிமெண்ட் சூளையில் போட்டால் பிசின் எரிபொருளாகும், கண்ணாடியின் சிலிக்கா, சிமெண்டாக அரைக்கும் கிளிங்கர் கட்டியில் சேர்ந்துவிடும். தாழையூத்தில் சிமெண்ட் ஆலையை வைத்திருக்கிற மாவட்டம் இதை யோசிக்காமல் வேறு யார் யோசிப்பது? அப்படிச் செய்தாலும் கண்ணாடி இழை மறுபடி இழையாகக் கிடைக்காது என்பது உண்மை. அதற்கு மருந்து பிசினிலேயே இருக்க வேண்டும். மிதமான அமிலத்தில் பிரிந்துவிடும் பிசினால் செய்த றெக்கையை, காற்றாலை செய்யும் சீமென்ஸ் கமேசா நிறுவனம் 2021இல் அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனிக் கடலில் நிறுத்தியும் காட்டியது. இப்போது புதுக் காற்றாலைக்கு ஒப்பந்தம் போடுகிறவர்கள், கழற்றும்போது றெக்கையை யார் எடுப்பது, யார் செலவில் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறவரும் கேட்கலாம்.

பேச்சு முடிந்ததும் உவரிப் பக்கத்துத் தம்பி ஒருவர் எழுந்தார். "சார், எங்க படகும் ஃபைபர்தான். அப்போ கட்டுமரத்துக்கே போகச் சொல்லுதீங்களா?"

இல்லை தம்பி. படகு இருக்கட்டும். ஓட்டை அடைக்கும்போது மூக்கில் ஏறுகிற வாடை, பிசினிலிருந்து வரும் ஸ்டைரீன் என்ற வேதிப்பொருள்; அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் வகைப்படுத்தியது. அடைத்த கொட்டகைக்குள் அந்த வேலை வேண்டாம், காற்றோட்டமான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், தூசி அடங்கும். கைக்குட்டை போதாது, நல்ல முகமூடி வாங்குங்கள். உடைந்த படகைக் கரையில் போட்டுக் கொளுத்தவே கொளுத்தாதீர்கள்.